செப்டம்பர் கடைசியில் சிஃப்னோஸ்: துறைமுகமா, மேட்டு ஊரா, கடற்கரையா?

சங்குப்பூ

வணக்கம். செப்டம்பர் 20 வாக்கில் ஏதென்ஸில் இறங்கி, சைக்ளடீஸ் கூட்டத்தில் ஏதாவது ஒரு சின்னத் தீவுக்குப் போய், அக்டோபர் முதல் வாரம் வரை இருந்துவிட்டு வரலாம் என்று திட்டம். சாண்டோரினியும் மிக்கனோஸும் வேண்டாம் என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி. சிஃப்னோஸ் என்று ஏறத்தாழ முடிவாகிவிட்டது.

தீவுக்குள் எங்கே தங்குவது என்பதில்தான் இழுபறி. கப்பல் வந்து நிற்கும் கமாரெஸ், நடுமேட்டில் இருக்கும் அப்பொலோனியா, தெற்கே மணல் நீண்டு கிடக்கும் பிளாட்டிஸ் யாலோஸ். மூன்றும் படத்தில் அழகாகத்தான் இருக்கின்றன, வாடகையிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விசாவுக்குத் தங்குமிடம் காட்ட வேண்டும் என்பதால் சீக்கிரம் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பருவத்தில் போய் இருந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

நீலக்கொடி

தீவுக்குப் போவதே கடலுக்காகத்தானே? பிளாட்டிஸ் யாலோஸ். அறையை விட்டு இறங்கினால் மணல், மணலை ஒட்டிச் சாப்பாட்டுக் கடைகள். செப்டம்பர் கடைசியில் தண்ணீர் இன்னும் 23, 24 டிகிரி இருக்கும். ஜூன் மாதத்தைவிட அப்போதுதான் குளிக்க இதம். யோசிக்கவே வேண்டாம்.

உப்புக்காற்று

எனக்கு ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் வேலை. லீவு கிடைத்தால் தீவுக்குத்தான் போவேன். நீலக்கொடி சொல்வது ஆகஸ்டுக்கும் செப்டம்பர் முதல் பாதிக்கும் சரி. நீங்கள் கேட்கிற தேதிகளுக்கு நான் வேறு மாதிரி யோசிப்பேன்.

முதலில், கிரேக்கத்தில் செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். குழந்தைகளோடு வந்த உள்ளூர்க் குடும்பங்கள் அதற்குள் ஊர் திரும்பிவிடும். அதுவரை நிரம்பி வழிந்த கடற்கரை ஊர்கள் ஓரத்திலிருந்து அணைய ஆரம்பிக்கும். பிளாட்டிஸ் யாலோஸில் செப்டம்பர் 20க்கு எல்லாமே திறந்திருக்கும். அக்டோபர் பிறந்ததும் ஒரு கடை நாற்காலிகளை அடுக்கும், அடுத்த வாரம் இன்னொன்று. உங்களுடைய கடைசி நாட்கள் சரியாக அந்தச் சமயத்தில் வருகின்றன. அங்கே வீடு வாசலோடு வருஷம் முழுக்க இருப்பவர்கள் குறைவு என்பதுதான் காரணம்.

அப்பொலோனியா அப்படி இல்லை. அதுதான் தீவின் தலைமை ஊர். பள்ளி, மருந்துக்கடை, மருத்துவ மையம், ரொட்டிக்கடை எல்லாம் அங்கே. பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஊர் இயங்கும். அடுத்தடுத்துள்ள ஊர்களெல்லாம் வெள்ளைச் சந்துகளாலும் படிகளாலும் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். ஆர்டெமோனாஸுக்கு நடந்தே போய்விடலாம், கிழக்கே பாறைமேல் இருக்கும் பழைய தலைநகர் காஸ்ட்ரோவுக்கும் நடைபாதை உண்டு.

இரண்டாவது, வெளிச்சம். ஆகஸ்டு தொடக்கத்தில் இங்கே எட்டரைவரை சூரியன் இருக்கும். செப்டம்பர் 20இல் ஏழேகாலைத் தாண்டியதும் போய்விடும், அக்டோபர் முதல் வாரத்தில் ஏழு மணிக்கே அஸ்தமனம். படம் பார்த்து முடிவெடுப்பவர்கள் பகலை மட்டுமே பார்க்கிறார்கள். சாயங்காலம் ஏழிலிருந்து படுக்கிறவரை நான்கு மணிநேரம் இருக்கிறதே, அதை எங்கே கழிப்பது? கடற்கரை ஊரில் அந்நேரம் பார்க்க ஒன்றும் இருக்காது. அப்பொலோனியாவின் நடுச்சந்தில் அப்போதுதான் ஊர்க்காரர்களே வெளியே வருவார்கள்.

மூன்றாவது, பஸ். சிஃப்னோஸ் பஸ்கள் நன்றாகவே ஓடும். ஆனால் அத்தனை தடங்களும் அப்பொலோனியாவைத் தொட்டுத்தான் பிரியும். சீசன் இறங்கினால் தடவைகளைக் குறைத்துவிடுவார்கள். நடுவில் தங்கினால் ஒரு பஸ்ஸில் எந்தக் கடற்கரைக்கும் போகலாம். ஓரத்தில் தங்கினால் எங்கே போவதற்கும் ஏறி இறங்கி மாற வேண்டும்.

வாடைக்கடல்

உப்புக்காற்று அண்ணா சொன்னதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் பாரிஸில் இருக்கிறேன், ஊர் வடமராட்சி. கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் காற்று பார்க்காமல் வீடு பார்க்க வராது.

ஏஜியன் கடலில் கோடை முழுக்க மெல்டெமி என்ற வாடைக்காற்று அடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் அதன் உச்சம். அதனால்தான் கோடையில் போகிறவர்களுக்கு எல்லோரும் "தெற்குப் பார்த்த கடற்கரையில் தங்கு" என்று சொல்வார்கள், மலை வடக்கை மறைத்துவிடும். செப்டம்பர் நடுவில் மெல்டெமி தளர்ந்துவிடும். அது தளர்ந்த பிறகு இடையிடையே தெற்கிலிருந்தும் ஒரு காற்று வரும். ஈரமும் புழுக்கமும் கலந்த காற்று. அன்றைக்குத் தெற்குக் கரைதான் அலை வாங்கும், கோடையில் குளம்போல் கிடந்த இடத்தில் நுரை தள்ளும். ஆகவே கோடைக் காலத்துக் குறிப்புகளை வைத்துக்கொண்டு இலையுதிர் காலத்துக்கு இடம் தேடக்கூடாது. இரண்டு பக்கக் கரைக்கும் போக வசதியான இடமாகப் பாருங்கள்.

அறை எடுக்கும்போது பால்கனி எந்தத் திசை என்றும் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். வாடை மிச்சம் இருக்கிற நாளில் வடக்குப் பால்கனியில் தேத்தண்ணீர்க் கோப்பையைக்கூட வைக்க முடியாது. கதவு இரவெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும்.

சங்குப்பூ

இருவருக்கும் நன்றி. இந்த அளவுக்கு யாரும் விளக்கியதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அம்மாவும் வருகிறார். வயது 67, நன்றாக நடப்பார், ஆனால் இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதளம் என்றால் மெதுவாக எவ்வளவு தூரமும் வருவார். படி என்றால் பத்துப் படிக்கு ஒருமுறை நிற்க வேண்டும். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். சைவச் சாப்பாடுதான். எங்கள் இருவருக்கும் மலைப்பாதையில் நடக்க ஆசை. காலையில் நாங்கள் நடக்கப் போனால் அம்மா தனியாகப் பொழுதைக் கழிக்க வசதியாகவும் இருக்க வேண்டும்.

நடுவாசல்

அப்படியானால் நான் கமாரெஸ் என்பேன். என் அப்பாவை அழைத்துப் போனபோது இதே கணக்குத்தான் போட்டோம்.

அப்பொலோனியாவின் சந்துகள் அழகுதான், ஆனால் அந்த அழகு முழுவதும் படியில் இருக்கிறது. வண்டி உள்ளே வராது. சாலை ஓரத்தில் பெட்டியை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், மிச்சம் உங்கள் கையில். விளம்பரத்தில் "மையத்திலிருந்து 3 நிமிடம்" என்று இருக்கும். அந்த 3 நிமிடத்தில் எத்தனை படி என்று இருக்காது. வேறொரு தீவில் "கடலுக்கு 5 நிமிடம்" என்ற விளம்பரத்தை நம்பி ஒரு வீடு எடுத்தோம். 5 நிமிடம் உண்மைதான், இறங்குவதற்கு. திரும்பி ஏற அப்பாவுக்கு அரைமணியாயிற்று. அதற்கப்புறம் அவர் கடலைப் பால்கனியிலிருந்தே பார்த்துக்கொண்டார். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, நாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் இதை எழுதாமல் விடுவது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வயதானவர்கள்தான் சீசன் முடிவில் அதிகம் வருகிறார்கள்.

கமாரெஸில் துறைமுகத்திலிருந்து கடற்கரை ஓரமாகவே தெரு போகிறது, சமதளம். மணல் பரந்து கிடக்கும், தண்ணீரும் வெகுதூரம் ஆழமில்லாமல் இருக்கும். கரையில் சிறுசவுக்கு மரங்களின் நிழல். அப்பா காலையில் ரொட்டிக்கடைவரை நடந்து, ஒரு காபி குடித்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து கப்பல் வருவதைப் பார்ப்பார். கப்பல் வரும் நேரத்தில் ஊரே கூடும். லாரி, ஸ்கூட்டர், பெயர்ப் பலகையோடு நிற்கும் விடுதிக்காரர்கள், பாட்டியை வரவேற்க வந்த பேரன் பேத்திகள். அரைமணியில் எல்லாம் கலைந்துவிடும். தனியாக இருப்பவருக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு வேண்டாம். அங்கிருந்து அப்பொலோனியா 5 கிலோமீட்டர் சொச்சம்தான், பஸ்ஸில் கால்மணி.

உப்புக்காற்று

அம்மாவுக்கு முழங்கால் என்றால் என் பதிலும் கமாரெஸ்தான். நடுவாசல் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அக்டோபரில் கப்பல் நேரம் மாறினாலோ காற்றில் நின்றுபோனாலோ, துறைமுகத்தில் இருப்பவருக்குச் செய்தி முதலில் தெரியும். டாக்ஸி பிடித்து ஓட வேண்டியதில்லை.

ஆனால் கமாரெஸில் எங்கே என்பதையும் பாருங்கள். கப்பல்துறையை ஒட்டிய அறைகள் வேண்டாம். பின்னிரவிலும் கப்பல் வரும், நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் படுக்கையை உலுக்கும். வளைகுடாவின் எதிர்ப்பக்கம் அகியா மரினா இருக்கிறது. அமைதி, காட்சி இரண்டும் அங்கே உண்டு, ஆனால் வீடுகள் சரிவில். உங்களுக்குக் கடற்கரையின் நடுப்பகுதி பொருந்தும். தெருவிலிருந்து ஒரு வரிசை உள்ளே தள்ளி, தரைத்தளம். "தரைத்தளம்" என்று மட்டும் கேட்டால் போதாது. தெருவிலிருந்து அறைக் கதவுவரை எத்தனை படி என்று எண்ணைக் கேளுங்கள். இங்கே தரைத்தளத்துக்கே ஆறேழு படி இருக்கும் வீடுகள் உண்டு. குளியலறையில் கால் தூக்கி வைக்கிற மாதிரி தொட்டி உண்டா என்பதையும் கேளுங்கள்.

கமாரெஸுக்கு ஒரு குறை உண்டு. இருபுறமும் செங்குத்தான மலை, மேற்கு மட்டும் திறப்பு. காலை வெயில் தாமதமாகத்தான் எட்டிப் பார்க்கும். அதற்கு ஈடாகச் சாயங்காலம் முழுவதும் உங்களுடையது, சூரியன் வளைகுடாவின் வாயில் இறங்கும்.

நீலக்கொடி

நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை :) கடலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்றால் வாத்தி என்று ஓர் ஊர் இருக்கிறதே, அதை யாருமே சொல்லவில்லை. கிட்டத்தட்ட மூடிய வளைகுடா, அலையே இருக்காது. தண்ணீரை ஒட்டி வெள்ளைக் கோயில், பக்கத்தில் மண்பாண்டப் பட்டறை. அம்மா அங்கே முழங்கால் அளவுத் தண்ணீரில் நாளெல்லாம் நடக்கலாம். தேய்மானத்துக்கு அதுவே மருந்து.

உப்புக்காற்று

வாத்திக்குப் பகலில் கட்டாயம் போங்கள், தவறவிடவே கூடாது. தங்குவதற்குத்தான் யோசிக்கிறேன். சிஃப்னோஸில் சாலையைக் கடைசியாகப் பார்த்த ஊர்களில் அது ஒன்று. அதற்கு முன் படகிலோ கழுதையிலோதான் போனார்கள். அந்த ஒதுக்குப்புறம்தான் அதன் அழகு. மருந்துக்கடை வேண்டுமென்றாலும் மலையேறித் தாண்டித்தான் வர வேண்டும். கார் எடுக்கிறவர்கள் தங்கலாம். பஸ்ஸை நம்புகிறவர்கள் செப்டம்பர் கடைசியில் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

வண்டி எடுப்பதாக இருந்தால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் சென்னையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடைக்கடல்

தீவையே இன்னும் மாற்றலாம் என்று மனம் இருந்தால் ஒரு வார்த்தை. இத்தாலியின் சிசிலிக்கு வடக்கே ஏயோலியன் தீவுகள். அதில் சலீனா எனக்கு மிகப் பிடித்த இடம். மிலாட்சோ துறையிலிருந்து படகு. இரண்டு அவிந்த எரிமலைகள் ஒட்டி நிற்கும் தீவு, பெரியது 962 மீட்டர். சைக்ளடீஸ் போல மொட்டையாக இராது, பச்சை. செப்டம்பரில் மல்வசியா என்ற திராட்சையைப் பறித்து, மூங்கில் போன்ற நாணல் தட்டிகளில் வெயிலுக்குப் பரப்பி வைத்திருப்பார்கள். சாயங்காலம் பனி இறங்குமுன் தட்டிகளைத் தூக்கி உள்ளே வைப்பார்கள், காலையில் மறுபடி வெளியே. மால்ஃபா ஊர்ப் பக்கம் நடந்தால் தெருவெல்லாம் அந்தத் தித்திப்பு வாசனைதான்.

அங்கேயும் இதே கேள்விதான் வரும். மால்ஃபா அழகு, ஆனால் சரிவு. பொல்லாரா ஒரு பாதி எரிமலைவாய்க்குள் இருக்கிறது, சூரியன் விழுவதைப் பார்க்கப் போகலாம், தங்கினால் வேறெங்கும் நகர முடியாது. அம்மா மாதிரி ஒருவரோடு போனால் சாந்தா மரீனா துறையோ, அதற்குத் தெற்கே உப்பு ஏரியும் கலங்கரை விளக்கமும் உள்ள லிங்குவாவோதான், இரண்டும் கடல்மட்டம். அதே கூட்டத்தில் உள்ள எரிமலைத் தீவான ஸ்ட்ரோம்போலியில் தங்க வேண்டாம், படகில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே தெருவிளக்கு மிகக் குறைவு. 2022 ஆகஸ்டில் ஒரே மழையில் மலைச்சேறு ஊருக்குள் இறங்கியது, அந்த வருஷம் மே மாதத் தீயில் சரிவின் செடிகொடியெல்லாம் எரிந்து போனதால். கோடை முடிந்து முதல் பெருமழை வரும் காலத்தில் செங்குத்துச் சரிவின் அடியில் உள்ள வீடுகளை நான் எடுப்பதில்லை, எந்தத் தீவானாலும்.

சங்குப்பூ

சலீனா ஆசையைக் கிளப்பிவிட்டீர்கள். ஆனால் விசா கிரேக்கத்துக்கு என்று ஏற்பாடு செய்துவிட்டோம், அதனால் அது அடுத்த முறைக்கு. சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மீன் வாசனையே ஆகாது. சமையலறை உள்ள அறைதான் எடுக்க வேண்டுமா?

நடுவாசல்

சின்ன அடுப்பும் பாத்திரமும் உள்ள அறை இருந்தால் நிம்மதி, காலைக் காபிக்கும் ஒருவேளைச் சாதத்துக்கும். ஆனால் சிஃப்னோஸில் சைவம் கிடைக்காமல் பட்டினி கிடக்க வாய்ப்பே இல்லை. கிரேக்கத்திலேயே சமையலுக்குப் பேர்போன தீவு அது. நவீன கிரேக்கச் சமையல் புத்தகத்துக்கு வழிவகுத்த செலமென்டெஸின் பூர்விகம் அங்கேதான்.

ரெவிதாதா என்று கொண்டைக்கடலை வகை ஒன்று உண்டு. ஊறவைத்த கடலை, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், பிரிஞ்சி இலை, தண்ணீர். இவ்வளவுதான். மூடி போட்ட மண்பானையில் சனிக்கிழமை சாயங்காலம் விறகடுப்புக்குள் வைப்பார்கள், இரவெல்லாம் தணலில் வெந்து ஞாயிறு காலை கோயில் முடிந்ததும் வெளியே வரும். கடலை உருவம் குலையாமல் இருக்கும், நாக்கில் வைத்தால் வெண்ணெய் மாதிரி கரையும். மேலே எலுமிச்சை பிழிந்துகொள்வார்கள். அப்புறம் கொண்டைக்கடலையை அரைத்துப் பொரிக்கும் ரெவிதோகெஃப்தெதெஸ், நம் மசால்வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. கேப்பர் மொட்டு சாலட், கத்திரிக்காய், ஊர்ப் பாலாடைக்கட்டி எல்லாம் உண்டு.

தாழைமடல்

புதிதாக வருகிறேன், இழை முழுவதும் படித்தேன். ஒரு சந்தேகம். பத்துப் பன்னிரண்டு இரவு ஒரே ஊரில் இருப்பதற்குப் பதிலாக, பாதி சிஃப்னோஸ், பாதி ஃபோலெகாண்ட்ரோஸ் அல்லது கூஃபோனிசியா என்று பிரித்தால் என்ன?

உப்புக்காற்று

இருவர் மட்டும் என்றால் தாராளமாகப் பிரிக்கலாம். ஃபோலெகாண்ட்ரோஸில் கேள்வியே எழாது. செங்குத்துப் பாறை விளிம்பில் இருக்கும் தலைமை ஊரான கோராவில் தங்க வேண்டும். கீழே கராவோஸ்தாசிஸ் துறையில் இருப்பவர்கள்கூடச் சாயங்காலம் பஸ் ஏறி அங்கேதான் வருவார்கள். கூஃபோனிசியாவில் ஊரே ஒன்றுதான், தீவு 6 சதுர கிலோமீட்டருக்குள். கடலோரப் பாதையில் நடந்து ஃபானோஸ், போரி என்று ஒவ்வொரு மணலாகத் தொட்டுப் போகலாம். ஆனால் அங்கே போக நாக்ஸோஸ் வழியாக மாற வேண்டியிருக்கும். நாக்ஸோஸுக்கும் அமோர்கோஸுக்கும் நடுவே சின்னத் தீவுகளைத் தொட்டு ஓடும் ஸ்கோப்பெலிடிஸ் என்ற சிறு கப்பல் பேர் வாங்கியது, ஆட்டத்திலும்தான்.

சங்குப்பூ குடும்பத்துக்கு நான் ஒரே இடம் என்றே சொல்வேன். அக்டோபரில் தீவுக்குத் தீவு கப்பல்கள் குறைந்துவிடும். காற்று கூடினால் முதலில் நிறுத்தப்படுவது வேகப்படகு, பழைய மாதிரிப் பெரிய கப்பல் அதற்கப்புறமும் ஓடும். பிரேயஸிலிருந்து வேகப்படகில் மூன்று மணிநேரத்துக்குள், பெரிய கப்பலில் ஐந்து மணிநேரம் போல. அம்மாவோடு வருவதால் பெரிய கப்பலையே எடுங்கள். மேல்தளத்தில் காற்றாட உட்காரலாம், குலுக்கலும் குறைவு. தீவில் விமானநிலையம் கிடையாது, அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு கண்டிப்பாக ஏதென்ஸில் இருக்க வேண்டும், முடிந்தால் இரண்டு இரவு.

நடுவாசல்

வாடகைக் கணக்கில் விடுபடுகிற ஒன்று. கிரேக்கத்தில் காலநிலைக் கட்டணம் என்று ஒரு வரி, அறைக்கு, இரவுக்கு. 2025இல் கூட்டினார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர்வரை ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதிக்கும் சாதாரண வாடகை அறைக்கும் 2 யூரோ, மூன்று நட்சத்திரத்துக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. குறுகிய கால வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீடு என்றால் 8. பெரும்பாலும் போய் இறங்கியதும் தனியாகக் கேட்பார்கள். இரண்டு அறை, பத்து இரவு என்றால் சின்னத் தொகை இல்லை. குடும்பங்கள் நடத்தும் சாதாரண அறைகள் இதிலும் லாபம். அந்த மாதிரி இடங்களில் வீட்டுக்கார அம்மாவே துறைமுகத்துக்கு வந்து பெட்டியை ஏற்றிக்கொள்வார்.

விசாவுக்குக் காட்டுவதை இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவாக வையுங்கள். விசா வந்த பின் வீட்டுக்காரருக்கே நேரடியாக எழுதிப் படி எண்ணிக்கை, பால்கனித் திசை எல்லாம் கேட்டு உறுதி செய்யலாம்.

சங்குப்பூ

முடிவெடுத்துவிட்டோம். கமாரெஸ், கடற்கரையின் நடுவில், ஒரு குடும்பம் நடத்தும் இடம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை, ஒன்றில் அடுப்பு உண்டு. கேட்டதற்கு உடனே பதில் வந்தது: தெருவிலிருந்து இரண்டு படி, குளியலறையில் தடுப்பு இல்லை, முன்வாசல் மேற்குப் பக்கம். அக்டோபர் நடுப்பகுதிவரை திறந்திருப்போம் என்றும் எழுதியிருந்தார்கள். திரும்பும்போது ஏதென்ஸில் இரண்டு இரவு. நாங்கள் இருவரும் காலையில் பஸ்ஸில் மேலே போய் அப்பொலோனியாவிலிருந்து காஸ்ட்ரோவுக்கு நடப்போம், அம்மா மதியம் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்துகொள்வார்.

வாடைக்கடல்

நல்ல தேர்வு. காஸ்ட்ரோவில் அம்மாவைப் பஸ் நிற்கும் இடத்திலேயே சந்தியுங்கள், ஊருக்குள் படிகள் அதிகம். பாறைமுனையில் இருக்கும் ஏழு தியாகிகள் கோயில் மேலிருந்தே வடிவாகத் தெரியும், அவர் இறங்க வேண்டாம். ஒரு சின்னக் கம்பளிச் சட்டையும் கொண்டுபோங்கோ, இருட்டிய பிறகு கடலோரத்தில் குளிரும்.

நடுவாசல்

ரெவிதாதாவை மறந்துவிடாதீர்கள். ஞாயிறு மதியத்துக்குள் தீர்ந்துவிடும், அதனால் சனிக்கிழமையே கடையில் சொல்லி வையுங்கள். சில இடங்களில் இறைச்சிச் சாறு சேர்ப்பதும் உண்டு, "இறைச்சி இல்லாமல்" என்பதற்கு "ஹோரிஸ் கிரேஆஸ்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.